பெரட்டுக்கு முன் மூன்று மூச்சு: தோட்டப்புறப் பொறுப்பாளர்கள் தியானம் தொடங்க ஒரு வழிகாட்டி

ஆலயத் தலைவர், செயலாளர், மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர், மாதர் பிரிவுத் தலைவி. சுங்கை சிப்புட்டானாலும் லாபிஸானாலும், மலேசியத் தோட்டப்புறப் பட்டணத்தில் இந்தப் பொறுப்பெல்லாம் அதே பத்துப் பதினைந்து பேர் தலையில்தான் விழுகிறது. விடியுமுன் பெரட்டு (வேலை பங்கிட ஆட்களை வரிசையில் நிறுத்துவது), பொழுது சாய்ந்தால் கூட்டம், இரவு பதினொன்றுக்கும் ஓயாத புலனக் (வாட்ஸ்அப்) குழு. சாமி கும்பிடுவதில் இவர்கள் யாரும் குறை வைப்பதில்லை. ஆனால் திருநீறு காயுமுன்னே மண்டபத்தில் கணக்குச் சண்டை தொடங்கிவிடுகிறது. பூசையில் கிடைத்த அமைதியைக் கூட்டத்துக்கும் வேலைக்காட்டுக்கும் வீட்டுக்கும் கொண்டுபோக என்ன செய்யவேண்டும் என்பதைப் படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறோம். தட்டுத் தடுமாறிக் கற்ற விஷயங்கள் இவை. நீங்களும் அதே பள்ளத்தில் விழவேண்டாம்.

1. முதல் 30 நாள் தனியாக உட்காருங்கள்

குழு தொடங்கும் ஆசையில் இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம். தான் உட்கார்ந்து பழகாதவர் நடத்தும் தியானம் நான்காம் வாரத்தில் சொற்பொழிவாகிவிடும். ஆகவே முதல் மாதம் யாரிடமும் சொல்லவேண்டாம்.

நேரத்தை வேலைக்குத் தக்கபடி பிடியுங்கள். பால் மரம் (ரப்பர்) வெட்டுகிறவர் நாலரைக்கே எழுகிறார். அவருக்கு விடியற்காலை தியானம் சரிப்படாது. திரும்பி வந்து குளித்து, மதியம் கண்ணயர்ந்து எழுந்த நான்கு மணி அவருக்கு நல்ல நேரம். செம்பனைக் காட்டு வேலைக்காரருக்கும் அதுவே. ஆலையில் ஷிப்ட் வேலை என்றால் கடிகாரத்தை நம்பாதீர்கள். வாரத்துக்கு வாரம் மாறும். குளித்து உடை மாற்றியதும் அடுத்த வேலை இதுதான் என்று ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள். வீட்டிலிருக்கும் பெண்களுக்கு, பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறியபின் அடுப்படிக்குத் திரும்புமுன் உள்ள கால்மணி நேரம் போதும்.

அளவு: முதல் வாரம் தினம் 5 நிமிடம், இரண்டாம் வாரம் 10, அதன்பின் 30ஆம் நாள்வரை 15. மனம் லயித்துவிட்டது என்று ஒரே நாளில் முக்கால் மணி நேரம் உட்காராதீர்கள். மறுநாள் முட்டி வலிக்கும், அதற்கடுத்த நாள் தட்டிப்போகும்.

முறை எளியது. தரையில் என்றால் நான்காக மடித்த துண்டைப் பிட்டத்துக்கு அடியில் வைத்து, இடுப்பு முட்டியைவிட ஒரு நான்கு விரற்கடை உயரமாக இருக்கும்படி அமருங்கள். முதுகு தானாக நிமிரும். பல வருடம் குலை வெட்டிச் சுமந்த இடுப்புக்கும் முட்டிக்கும் தரை ஆகாது. கைப்பிடியில்லாத நாற்காலியில் முன்பாதியில் அமர்ந்து, இரண்டு பாதமும் முழுக்கத் தரையில் பதியவேண்டும். கண்ணைப் பாதி மூடி, நாலடி தூரத்தில் தரையைப் பாருங்கள். முழுக்க மூடினால் நாலரைக்கு எழுந்த உடம்பு உடனே தூங்கிவிடும்.

மூச்சு வெளியே போகும்போது மனத்துக்குள் ஒன்று என்று எண்ணுங்கள். அடுத்த மூச்சுக்கு இரண்டு. பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவில் தண்ணீர் பில்லும் தம்பி மகள் கல்யாணமும் வந்து எண்ணிக்கை தவறும். தவறியது தெரிந்ததும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பயிற்சியே அந்தத் திரும்பி வருதல்தான். 15 நிமிடத்தில் நாற்பது முறை தவறி நாற்பது முறை திரும்பினால், நாற்பது முறை பழகியிருக்கிறீர்கள். பத்தைத் தொடவே இல்லையே என்று பலர் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. திருமூலர் சொல்லும் கணக்கு 16 மாத்திரை (கை நொடிக்கும் நேர அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. அதை யாராவது தாளில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பக்கத்தில் குரு இல்லாமல் மூச்சை அடக்கவேண்டாம். இரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ இருந்தால் அறவே கூடாது. எண்ணுவது மட்டும் போதும்.

இரவு படுக்குமுன் ஒரு பள்ளிக்கூடக் குறிப்புப் புத்தகத்தில் மூன்று கேள்விக்கு ஒவ்வொரு வரி எழுதுங்கள்: இன்று யாரிடம் குரலை உயர்த்தினேன்? அதற்கு ஒரு நிமிடம் முன்னால் உடம்பில் என்ன நடந்தது? நாளை அவரிடம் என்ன சொல்லவேண்டும்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒருவருக்குக் காது சூடாகும், இன்னொருவருக்குத் தாடை இறுகும், வேறொருவருக்குக் கை மேசையைத் தட்டும். உங்கள் அடையாளம் எது என்று முப்பது வரி எழுதுவதற்குள் தெரிந்துவிடும். பின்னால் கூட்டத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

2. நாளும் மாதமும் குறியுங்கள்

திங்கள், செவ்வாய், வெள்ளி ஆலயத்தில் பூசை. வியாழன் பல ஊரில் சாயி பஜனை. சனி, ஞாயிறு கல்யாணம், பதினாறாம் நாள் காரியம், கூட்டம். மிச்சம் புதன்தான். இரவு 8.00 முதல் 8.40 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துச் சூராவிலிருந்து (முஸ்லிம்களின் சிறு தொழுகைக் கூடம்) இஷா அஸான், அதாவது இரவுத் தொழுகை அழைப்பு, ஒலிப்பது, மாதத்தைப் பொறுத்து, ஏறத்தாழ அந்த நேரத்துக்குள்ளேயே வரும். அதைத் தொந்தரவாக எண்ணி நேரத்தை மாற்றவேண்டாம். அது முடியும்வரை காதுக்கு வருவதைக் கேட்டுக்கொண்டே உட்காரலாம். தகரக் கூரையில் மழை விழும்போதும் அப்படித்தான்.

தோட்டத் திருவிழாக் கொடி ஏறும் மாதத்திலும் தைப்பூச விரத நாட்களிலும் தொடங்காதீர்கள். முதல் மூன்று வாரம் கூட்டம் அலைமோதும், திருவிழா முடிந்ததும் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்கினால் ஆடிக்குள் பழக்கம் ஊன்றிவிடும். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்த வார அமர்வை நிறுத்திவிட்டுச் சாவு வீட்டுக்குப் போங்கள்.

3. இடமும் கடிதமும்

நான்கைந்து பேர் என்றால் ஒருவர் வீட்டு முன்கூடமே போதும், கடிதம் வேண்டாம். ஆலய மண்டபம், தோட்ட மண்டபம், பாலாய் ராயா (பொது மண்டபம்) என்றால் கட்டாயம் எழுத்தில் கேளுங்கள். "தலைவர்கிட்ட வாயால சொல்லிட்டேன்" என்பது அடுத்த நிர்வாகத் தேர்தல்வரைதான் செல்லும்.

ஒரே பக்கக் கடிதம். ஆலயத்துக்குத் தமிழில், தோட்ட நிர்வாகிக்கும் கிராமத் தலைவருக்கும் மலாயில். அதில் இருக்கவேண்டியவை: கேட்பவர் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், சாவி யார் கையில், ஒலிபெருக்கி கிடையாது, வசூல் கிடையாது, சமையல் கிடையாது என்ற மூன்று உறுதி, மூன்று மாதத்துக்கு மட்டும் என்ற முடிவுத் தேதி. முடிவுத் தேதி போட்டால் நிர்வாகம் தயங்காமல் கையெழுத்திடும். நிரந்தரமாகக் கேட்டால் மண்டபத்தைப் பிடித்துக்கொள்ள வந்தவர்களோ என்று சந்தேகப்படும்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் கூட்டம் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்பதால், தொடங்கும் தேதிக்கு ஐந்தாறு வாரம் முன்பே கொடுப்பது நல்லது. தீர்மானம் கூட்டக் குறிப்பேட்டில் ஏறியதா என்று செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஏறாத தீர்மானம் தீர்மானமே இல்லை.

4. சங்கப் பதிவு எப்போது?

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேரும் அதற்கு மேலும் சேர்ந்தால் அது சங்கம். பெயர், தலைவர், சந்தா என்று ஒரு குழு உருவெடுத்துவிட்டால் பதிவு இல்லாமல் நடத்தக்கூடாது. அதற்காக முதல் மாதமே பதிவுக்கு ஓடவேண்டாம். ஏற்கெனவே பதிவு பெற்ற ஆலயத்தின் நடவடிக்கையாக, நிர்வாகத் தீர்மானத்தின் கீழ் நடத்துவதே சிக்கலில்லாத வழி. தனிப் பெயர் வைக்காதீர்கள், தனி வங்கிக் கணக்கு திறக்காதீர்கள், சாப் அடிக்காதீர்கள்.

ஓராண்டு தாக்குப்பிடித்தபின் தனியாகப் பதியவேண்டும் என்று தோன்றினால், சங்கப் பதிவிலாகாவின் இணைய முறையான இரோசஸ் வழியாக மனுச் செய்யலாம். பதிவுக் கட்டணம் 30 ரிங்கிட். சட்டவிதி நகலும் குறைந்தது ஏழு உறுப்பினர் விவரமும் வேண்டும். கட்டணம் சிறியதுதான், பாரம் பிறகு வரும். ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடத்தி, அது முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்பவேண்டும். தியானத்துக்குச் சேர்ந்த ஏழு பேர், பொருளாளர் யார் என்று சண்டையிட்டுப் பிரிவதற்கு இது போதும்.

5. செலவு

மூன்று மாதத்துக்கு: பிளாஸ்டிக் பாய் நான்கு, 80 ரிங்கிட். சின்னப் பித்தளை மணி ஒன்று, 25. குறிப்புப் புத்தகம் 5. கொசுவத்தி 15. மண்டபத்துக்கு மின்கட்டணமாக மாதம் 10 என்று 30. மொத்தம் 155 ரிங்கிட். கடைக்குக் கடை கொஞ்சம் கூடும், குறையும். தொடங்கும் ஐந்து பேர் தலைக்கு 31 போட்டால் முடிந்தது. கொசுவத்தியை வாசலுக்கு வெளியே வையுங்கள். மூடிய அறையில் அதன் புகையை இருபது நிமிடம் எண்ணி எண்ணி இழுப்பது நெஞ்சுக்கு ஆகாது.

உண்டியல் வைக்காதீர்கள். உபயக்காரர் பெயர்ப் பலகையும் வேண்டாம்.

6. அந்த நாற்பது நிமிடம்

8.00 மணிக்கு வந்தவர்களோடு தொடங்குங்கள். யாருக்காகவும் காத்திராதீர்கள், ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) வந்தாலும் சரி. எல்லாருடைய கைப்பேசியும் ஒரு கூடையில், ஒலி அடக்கப்பட்டு. ஒரே ஒரு தேவாரப் பாட்டு, அல்லது ஒன்றுமில்லை. கிறிஸ்தவரும் வருகிற இடத்தில் பாட்டை விட்டுவிடலாம்.

8.05க்கு மணி. 20 நிமிடம் மௌனம். புதியவர்கள் உள்ள முதல் நான்கு வாரம் பத்து நிமிடமே போதும். மிச்ச நேரத்தில் உட்காரும் முறையைக் காட்டிக்கொடுங்கள். 8.25க்கு மறுமணி. கால் மரத்துப்போயிருந்தால் உடனே எழவேண்டாம், நீட்டித் தேய்த்துவிட்டு எழுங்கள். மண்டபத்தை ஐந்து நிமிடம் மெதுவாக, வரிசையாகச் சுற்றி நடங்கள். 8.30 முதல் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பேசலாம்: இந்த வாரம் எந்த இடத்தில் நிதானம் தவறியது, எந்த இடத்தில் நின்றது. யாரும் பதில் சொல்லக்கூடாது, ஆலோசனை சொல்லக்கூடாது. இங்கே பேசியது வெளியே போகக்கூடாது. 8.40க்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

வெறும் தண்ணீர் மட்டும். இதில் கண்டிப்பாக இருங்கள். ஐந்தாம் வாரம் யாரோ அன்பாகத் தேத்தண்ணி கொண்டுவருவார். எட்டாம் வாரம் சுண்டல், பத்தாம் வாரம் மீகூன் (அரிசிச் சேமியா). அதற்குள் பெண்கள் நான்கு பேர் அமர்வை விட்டுவிட்டு அடுக்களையில் நிற்பார்கள். யாருக்கு அமைதி அதிகம் தேவையோ அவர்களே வெளியே போய்விடுகிறார்கள்.

பிள்ளைகளை அழைத்துவர நேர்ந்தால் முதல் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி, பிறகு ஓரத்தில் வண்ணம் தீட்ட விடுங்கள். சத்தம் வந்தால் வரட்டும்.

7. உடம்பையும் மனத்தையும் கவனியுங்கள்

இனிப்புநீருக்கு (நீரிழிவு) ஊசி போடுகிறவர் வெறும் வயிற்றோடு வரக்கூடாது. வியர்த்து, கை நடுங்கினால் அது ஆன்மீக அனுபவம் இல்லை, சீனி இறங்குகிறது. உடனே இனிப்புத் தண்ணீர் கொடுங்கள். யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், நிறுத்தச் சொல்கிறவரை அடுத்த வாரம் உள்ளே விடாதீர்கள்.

அண்மையில் துணையை இழந்தவர், அடிபட்டு வாழ்கிறவர், மனம் உடைந்தவர் மௌனத்தில் அமரும்போது அடக்கிவைத்ததெல்லாம் பொங்கி வரலாம். அழுதால் அழட்டும், ஒருவர் பக்கத்தில் இருங்கள். மூச்சுத் திணறுவதுபோல் தவித்தால் கண்ணைத் திறக்கச் சொல்லி, வெளியே அழைத்துப்போய் மெல்ல நடக்க விடுங்கள். இது இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால், தூக்கம் கெட்டால், சாவைப் பற்றிப் பேசினால், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. இதைத் தியானத்தாலேயே சரிசெய்துவிடலாம் என்று ஒருநாளும் சொல்லாதீர்கள்.

8. நிர்வாகக் கூட்டத்தில்

இதற்காகத்தான் இத்தனையும். வாரம் ஒருநாள் அமைதியாக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைத் தூக்குவதில் பயனில்லை.

கூட்டம் கடவுள் வாழ்த்தோடு தொடங்கும். அதன்பின் இரண்டு நிமிடம் மௌனம் கேளுங்கள். கைப்பேசியில் மணி வைத்து, சரியாக இரண்டு. தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லவேண்டும், வயதில் சிறியவர் முதலில். பெரியவர் பேசியபின் "அண்ணன் சொன்னா சரி" என்பதைத் தவிர இளைஞர் வேறு சொல்லமாட்டார். கணக்கு வாசிக்கும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து விநாடி நிறுத்தச் சொல்லுங்கள். கேட்கவேண்டிய கேள்வி அந்தப் பத்து விநாடியில் எழுந்துவிடும். எழாதது பிறகு தேத்தண்ணிக் கடையில் வதந்தியாக எழும்.

வாக்குக்கு விடுமுன் ஒரு நிமிடம் அமைதி. உங்கள் காது சூடாகிறதா, தாடை இறுகுகிறதா பாருங்கள். ஆமென்றால் மூன்று மூச்சு எண்ணாமல் வாய் திறக்காதீர்கள். மூன்று மூச்சுக்குப் பத்துப் பதினைந்து விநாடிதான் ஆகும். எதிரே இருப்பவருக்கு நீங்கள் யோசிப்பதாகவே தெரியும்.

நிலம் கைமாறி, ஆலயத்தை இடம் மாற்றச் சொல்லிக் கடிதம் வருவது தோட்டப்புறத்தில் எல்லாரும் அஞ்சும் நாள். அன்றிரவே அவசரக் கூட்டம் கூடும், யார் யாரை விலைக்கு வாங்கினார்கள் என்ற பேச்சில் நடுநிசி ஆகும். அன்றிரவு முடிவெடுக்காதீர்கள். செய்யவேண்டியது இரண்டுதான்: கடிதத்தில் பதிலுக்குக் குறித்திருக்கும் தேதியைப் பலகையில் பெரிதாக எழுதுவது, வழக்கறிஞரைப் பார்க்க இருவரை நியமிப்பது. பிறகு ஐந்து நிமிடம் மௌனமாக இருந்து வீட்டுக்குப் போங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, தேதி தாண்டாமல், மறுபடி கூடுங்கள்.

9. பெரட்டிலும் வேலைக்காட்டிலும்

இன்றைக்குப் பெரட்டில் நிற்கிறவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிறைய. ஆகவே மண்டோருக்கு ஒரு வரம்பு: மந்திரம், திருநீறு, யோகம் என்ற பேச்சு எதுவும் பெரட்டில் கூடாது. மந்திரத்தோடு சேர்ந்த யோகப் பயிற்சி முஸ்லிம்களுக்கு ஆகாது என்று 2008இல் தேசிய ஃபத்வா மன்றம் அறிவித்திருக்கிறது. முஸ்லிம்களிடையே பிற மதத்தைப் பரப்புவதைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களும் உண்டு. உங்கள் பயிற்சி உங்களுக்குள் இருக்கட்டும். வேண்டுமானால் வேலை பங்கிடுமுன் "கத்தியைப் பார்த்துக்கங்க, காலணியைப் பார்த்துக்கங்க" என்று அரை நிமிடம் எல்லாரையும் நிறுத்தலாம். அது பாதுகாப்பு, யாருக்கும் மறுப்பில்லை.

பச்சைக் குலை (பழுக்காத செம்பனைக் குலை) வெட்டியவர் விஷயம் வரும். நேற்றுச் சாலையோரம் அடுக்கிய குலைகளில் ஐந்து பச்சை. நாற்பது பேர் முன்னால் திட்டினால் அவர் தலை குனிவார், மறுநாளும் பச்சையே வரும், இந்தமுறை அடியில் மறைத்து. பெரட்டு முடிந்து மூன்று மூச்சு விட்டு, அவர் நிரைக்கே போங்கள். மரத்தடியில், குலை பழுத்ததற்கு அடையாளமாக, உதிர்ந்த பழம் கிடக்கிறதா என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். உதிரி இல்லாத மரத்தை ஏன் வெட்டினார் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பெரும்பாலும் காரணம் வெளியே வரும்: கழுத்து வலித்து மேலே பார்க்க முடியவில்லை, கோல் வளைந்துவிட்டது, ஊரில் தாய்க்கு உடம்புக்கு ஆகவில்லை. கோல் வளைந்ததைப் பெரட்டில் கத்திச் சரிசெய்ய முடியாது.

பால் மரம் வெட்டுகிறவருக்கு முதல் மரமே தியானம். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சுமார் 30 பாகைச் சரிவில், ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவவேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம். பட்டை மறுபடி சமமாக வளராது. அந்த முதல் சீவலை மட்டும் வேறு நினைப்பில்லாமல், மூச்சை விட்டுக்கொண்டே செய்யுங்கள். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) முதல் சொட்டு விழும்வரை நின்று பாருங்கள். அடுத்த நானூற்றுச் சொச்ச மரத்துக்கு இதைச் செய்யமுடியாது, செய்யவும் வேண்டாம். ஒன்று போதும்.

சுவாமி சிவானந்தர் ரிஷிகேஷம் போகுமுன் சுமார் பத்தாண்டு மலாயாவில் மருத்துவராக இருந்தவர். சிரம்பான் பக்கம் தோட்ட மருத்துவமனையில் தொழிலாளர்களைப் பார்த்தவர். தோட்ட வேலைக்கும் இதற்கும் வெகுதூரம் என்று சொல்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

10. புலனக் குழு

இரவு 10க்குமேல் பதில் இல்லை. கோபத்தில் குரல் பதிவு அனுப்பவே கூடாது. எழுத்தை அழிக்கலாம், நடுங்கும் குரல் பத்துக் குழுவுக்குப் போய்விடும். எழுதத்தான் வேண்டுமென்றால் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, காலையில் பசியாறியபின் படித்துப் பார்த்து அனுப்புங்கள். அமர்வின் படத்தைக் குழுவில் போடாதீர்கள். கண்மூடி இருக்கும் முகத்தைப் படமெடுத்த அன்றிலிருந்து எல்லாரும் படத்துக்காக உட்காரத் தொடங்குவார்கள்.

11. மூன்றாம் மாதம்

ஆறாவது வாரத்துக்குமேல் வருகை பாதியாகும். எல்லா இடத்திலும் இப்படித்தான்; ஆள் பிடிக்க ஓடாதீர்கள், சிறப்புப் பேச்சாளரை அழைக்காதீர்கள். இந்தச் சமயத்தில்தான் நோய் தீர்க்கிறேன், சக்தி ஏற்றுகிறேன் என்று கட்டணப் பட்டியலோடு யாராவது வருவார். கட்டணம் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு காலம் பயின்றீர்கள், மருத்துவரிடம் போகவேண்டாம் என்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் கட்சித் துண்டறிக்கையும் உள்ளே வரக்கூடாது.

கடிதத்தின் முடிவுத் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நீட்டிப்புக் கேட்டு மறு கடிதம் கொடுங்கள். எத்தனை புதன் நடந்தது, சராசரி எத்தனை பேர், மண்டபத்துக்கு எவ்வளவு கட்டினோம் என்று மூன்று வரி சேர்த்தால் போதும். சாவியை மாதம் ஒருவர் கைக்கு மாற்றுங்கள்; ஒருவரிடமே இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் அமர்வு நின்றுபோகும். ஒருவரும் வராத புதனிலும் சாவி வைத்திருப்பவர் கதவைத் திறந்து, பாயை விரித்து, 8.05க்கு மணியடித்து உட்காரவேண்டும். 8.40க்கு விளக்கை அணைத்து, அடுத்த புதன் தேதியைப் பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.